மூன்று ஃபைலை ஒன்றாக்குவது எப்படி: கேர்னலின் கவுண்டர் நிரல் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். திருகோணமலையில் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக நாலு பேர் சேர்ந்து ஒரு சிறிய கேர்னல், அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதி, எழுதியிருக்கிறீர்கள். அதில் ப்ரொசெசரின் செயல்திறன் கவுண்டர்களை வாசிக்கிற பகுதி மட்டும் மூன்று ஃபைலாகப் பெருத்து நிற்கிறது. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிக்கு ஒன்று, நண்பரின் பழைய இன்டெல் மடிக்கணினிக்கு ஒன்று, ஆய்வுகூடத்து ஏஎம்டி இயந்திரத்துக்கு ஒன்று. முதலாவதைப் பிரதியெடுத்து இரண்டாவது, இரண்டாவதைப் பிரதியெடுத்து மூன்றாவது. மேற்பார்வையாளர் "சுருக்கிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எத்தனை வரி குறைக்கலாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா, லினக்ஸில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. எந்த வரியை எடுத்தால் எண் பொய் சொல்லத் தொடங்கும் என்பதுதான் அது. ஏனென்றால் இந்த நிரல் பழுதானால் சத்தம் போடாது. டிஸ்கை இயக்குகிற நிரலான டிஸ்க் ட்ரைவர் பிழைத்தால் ஃபைல் காணாமல் போகும், ஆட்கள் கத்துவார்கள். நெட்வேர்க் ட்ரைவர் பிழைத்தால் பிங் வராது. கவுண்டர் பிழைத்தால் திரையில் ஓர் எண் வரும், அவ்வளவுதான். பத்து இலக்க எண்ணைப் பார்த்து அது சரியா பிழையா என்று யாருக்கும் கண்ணால் சொல்ல ஏலாது. ஆகவே நான் வரிக்கணக்கை விட்டுவிட்டு அந்த அடிக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு சொல், எந்தளவு நம்பலாம் என்று தெரிய வேண்டுமே. உவர்மலையில் வீட்டிலிருந்துதான் வேலை. பதினான்கு வருடமாகச் சிறிய போர்டுகளுக்கு லினக்ஸ் கேர்னலைப் பொருத்திக் கொடுக்கிறேன். பை 4இல் இருக்கிற ஏஆர்எம் வகை ப்ரொசெசர் எனக்குக் கைப்பழக்கம். இன்டெலில் தேவைக்கு வேலை செய்திருக்கிறேன். ஏஎம்டி பற்றி எழுதுவது லினக்ஸின் நிரலை வாசித்ததால் வந்த அறிவு, கையைச் சுட்டுக்கொண்டதால் வந்ததல்ல. உங்கள் நிரலையும் நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய விவரத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

கவுண்டர் என்பது ப்ரொசெசருக்குள் இருக்கிற ஒரு சில ரெஜிஸ்டர்கள், அதாவது எண் வைக்கிற சின்ன இடங்கள். எந்த நிகழ்வை (கடிகாரச் சுற்று, கட்டளை மாதிரி) எண்ண வேண்டும் என்று ஒரு ரெஜிஸ்டரில் எழுதினால், இன்னொன்றில் எண்ணிக்கை ஏறிக்கொண்டு போகும். நிரம்பி வழிந்தால் ஓர் இன்டரப்ட் வரும், அதாவது நடக்கிற வேலையை இடைநிறுத்திக் கேர்னலைக் கூப்பிடுகிற சைகை. உங்கள் பை 4இல் உள்ள கோர்டெக்ஸ்-ஏ72 ப்ரொசெசரில் பொதுக் கவுண்டர் 6, அதோடு கடிகாரச் சுற்றுக்கென்று தனியாக ஒன்று. இன்டெல் மடிக்கணினியில் ஒரு கோரை இரண்டு த்ரெட்டாகப் பாவிக்கிற ஹைப்பர்த்ரெடிங் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பொதுவானது 4, வேலை நிர்ணயிக்கப்பட்டது 3. இவ்வளவுதான் வன்பொருள். இதைச் சுற்றி ஏன் ஆயிரக்கணக்கான வரி வருகிறது என்றால், இந்தச் சில ரெஜிஸ்டரைப் பல ஆட்கள் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். ஒவ்வொரு ப்ரொசெசரும் தன் இஷ்டப்படி விதி வைத்திருக்கிறது.

லினக்ஸ் இந்த இடத்துக்கு நேராக வந்து சேரவில்லை. முன்பு கவுண்டர்களை வாசிக்க ஓப்ரொஃபைல் என்று ஒன்று கேர்னலுக்குள் இருந்தது. பெர்ஃப்சிடிஆர், பெர்ஃப்மொன்2 என்று வெளியிலிருந்து ஒட்டுகிற பேட்ச்களும் (நிரலில் செய்கிற மாற்றத் தொகுப்புகள்) இருந்தன. ஒவ்வொன்றும் அதே ரெஜிஸ்டர்களைத் தன் வழியில் தொட்டது. 2009இல் 2.6.31 பதிப்போடு இங்கோ மோல்னாரும் தோமஸ் கிளைக்ஸ்னரும் தொடங்கிய இப்போதைய அளவீட்டு வசதியான பெர்ஃப் உள்ளே வந்தது. பிறகு பன்னிரண்டு வருடம் பெர்ஃபும் ஓப்ரொஃபைலும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி இருந்தன. ஓப்ரொஃபைலின் கேர்னல் பகுதியை 2021இல் 5.12 பதிப்பில்தான் முழுதாகத் தூக்கினார்கள். அப்படித் தூக்க முடிந்ததற்குக் காரணம், ஓப்ரொஃபைலின் பயனர் பக்கத்து (கேர்னலுக்கு வெளியே ஓடுகிற) கருவியே 2012 அளவில் பெர்ஃபின் வழியாக எண்ணப் பழகி, 2014இல் வந்த 1.0 பதிப்பில் பழைய வழியைக் கைவிட்டிருந்தது. கேர்னலுக்குள் இருந்த பழைய பகுதியைப் பாவிக்க ஆள் இல்லை. உங்கள் முதல் வேலையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மூன்று ஃபைலிலும் யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களைத் தேடுங்கள். பிரதியெடுத்து வளர்ந்த நிரலில் அப்படிக் கனக்க இருக்கும். அதை அழிக்க மூளை தேவையில்லை, கம்பைலரே காட்டித் தரும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. மூன்று ஃபைலையும் அச்சிட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திரையில் பார்ப்பதைவிடக் காகிதத்தில் இது நன்றாகத் தெரிகிறது, சிரிக்காதீர்கள். மூன்று நிறப் பேனை எடுங்கள். ரெஜிஸ்டரை நேரடியாகத் தொடுகிற வரிகளுக்குச் சிவப்பு. எந்த நிகழ்வு எந்தக் கவுண்டரில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிற வரிகளுக்கு நீலம். முன்பு வாசித்த எண்ணையும் இப்போது வாசித்த எண்ணையும் கழித்து மொத்தத்தில் கூட்டுகிற வரிகளுக்குப் பச்சை. பச்சை மூன்று ஃபைலிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அதை ஒரே இடத்துக்குக் கொண்டுபோகலாம். நீலத்தில் பாதி பொதுவானது, மீதி அட்டவணையாக்கக்கூடியது. சிவப்பு மட்டும் அந்தந்த ப்ரொசெசரின் ஃபைலில் இருக்கட்டும்.

லினக்ஸ் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். தொடக்கத்தில் வன்பொருளைத் தொடுகிற ஃபங்ஷன்களுக்கு ஒரே பெயர், ஒவ்வொரு ப்ரொசெசர் வகையும் அதே பெயரில் தன்னுடையதை எழுதிப் பொதுவானதை மறைத்துவிடும் என்று வைத்திருந்தார்கள். ஒரு கேர்னலில் கவுண்டர்களைக் கையாளுகிற அளவீட்டுப் பகுதி ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்ற ஊகம் அதற்குள் ஒளிந்திருந்தது. பீட்டர் ஸைல்ஸ்ட்ரா 2010இல் அதை மாற்றி எழுதினார். ஒவ்வொரு அளவீட்டுப் பகுதியும் தன் ஃபங்ஷன்களின் பட்டியலைக் கொண்டுவந்து மையத்தில் பதிவு செய்யும். பட்டியலில் இருப்பவை சேர், எடு, தொடங்கு, நிறுத்து, வாசி என்கிற மாதிரிச் சின்ன வேலைகள். புதிதாக ஒரு நிகழ்வு கேட்டு வந்தால் மையம் ஒவ்வொருவரிடமும் "இது உன்னுடையதா" என்று கேட்கும். "இல்லை" என்றால் அடுத்தவரிடம் போகும். உங்கள் மூன்று இயந்திரத்துக்கும் இந்த ஐந்து ஃபங்ஷனும், நிகழ்வு தன்னுடையதா என்று பார்க்கிற ஒன்றும் போதும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிறகு சேருங்கள். இன்றைக்குத் தேவையில்லாத ஏழாவது ஃபங்ஷனை "எதற்கும் இருக்கட்டும்" என்று வைப்பவர்கள்தான் அடுத்த வருடம் இந்த மாதிரிக் கேள்வி கேட்க வருகிறவர்கள்.

இப்போது பச்சைப் பகுதிக்கு வருவோம். பார்த்தால் வெறும் கழித்தல். நான் வழுக்கி விழுந்த இடம் அது.

நிலாவெளிக்கு ஓடுகிற ஒரு பழைய ஓட்டோவை யோசியுங்கள். தூரம் காட்டும் மீற்றரில் ஐந்து இலக்கம். 99999க்குப் பிறகு 00000. நேற்று 00011 என்று குறித்து வைத்தீர்கள், இன்றைக்கு 00015 நிற்கிறது. ஓடியது நாலு கிலோமீற்றரா, ஒரு இலட்சத்து நாலா? மீற்றரைப் பார்த்து மட்டும் சொல்ல ஏலாது. ஒரு முழுச் சுற்று முடிவதற்குள் ஒருக்காவது எட்டிப் பார்த்திருந்தால் மட்டுமே சொல்லலாம். 32 பிட் கவுண்டரின் முழுச் சுற்று 4,294,967,296, அதாவது சுமார் 429 கோடி. 1.2 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிற போர்டில் கடிகாரச் சுற்றை எண்ணினால் இது மூன்றரை விநாடியில் தீர்ந்துவிடும்.

இதற்காகத்தான் கவுண்டரைப் பூச்சியத்தில் தொடங்குவதில்லை. எவ்வளவு எண்ணியதும் இன்டரப்ட் வேண்டுமோ அந்த அளவை மறை எண்ணாக எழுதி விடுவார்கள். ஏறி ஏறிப் பூச்சியத்தைத் தாண்டும்போது இன்டரப்ட் வரும், வந்ததும் கணக்கைக் கூட்டிவிட்டு மறுபடி எழுதுவார்கள். லினக்ஸின் ஏஆர்எம் ட்ரைவரில் இந்த அளவுக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. கவுண்டர் தாங்கக்கூடிய முழு அளவை எடுத்து, ஒரு பிட் வலப்பக்கம் தள்ளி, பாதியாக்கி வைத்திருப்பார்கள். பார்த்தவுடன் "ஏன் பாதி? முழுதாக வைத்தால் இன்டரப்ட் பாதியாகக் குறையுமே" என்று தோன்றும்.

எனக்கும் தோன்றியது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகக் கோர்டெக்ஸ்-ஏ7 போர்டில் தனியாக ஒரு சின்ன ட்ரைவர். பல வருடத்துக்கு முந்திய கதை. இதே மாதிரிச் சுருக்குகிற வேலைதான். அந்த ஒரு பிட் தள்ளலைத் தேவையற்றது என்று எடுத்தேன், மேலே இருந்த மூன்று வரிக் குறிப்பையும் சேர்த்து. பரிசோதித்தேன். இரண்டு விநாடி ஓட்டத்தில் எண் அச்சொட்டாகச் சரி. ஒரு நிமிட ஓட்டமும் வைத்தேன், அதுவும் சரி. அனுப்பிவிட்டுப் பின்னேரம் கடற்கரைக்குப் போய்விட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அங்கிருந்து கடிதம் வந்தது. ஒரு கோரைத் தனியாகப் பிடித்துப் பத்து விநாடி எண்ணினால் 1,200 கோடி வர வேண்டிய இடத்தில் 341 கோடி வருகிறது. கழித்துப் பார்த்தேன், 859 கோடி குறைகிறது. அதை இரண்டால் வகுத்ததும் வியர்த்துவிட்டது. 429 கோடியே 50 இலட்சம். இரண்டு முழுச் சுற்று காணாமல் போயிருக்கிறது.

நடந்தது இதுதான். முழு அளவை மறை எண்ணாக எழுதினால் கவுண்டர் 1இல் தொடங்கும். 429 கோடி ஏறிப் பூச்சியத்தைத் தாண்டும். இன்டரப்ட் வந்து, கேர்னல் எழுந்து, கவுண்டரை வாசிப்பதற்குள் கொஞ்ச நேரம் போகும், அதற்குள் கவுண்டர் சில நூறைத் தாண்டியிருக்கும். முன்பு குறித்தது 1, இப்போது 300 என்றால் வித்தியாசம் 299. முழுச் சுற்று ஒன்று கண்ணெதிரே மறைந்துபோகும். பாதி அளவில் வைத்தால் தொடக்கமே 214 கோடிக்கு மேலே இருக்கும். இன்டரப்ட் ஒரு விநாடி பிந்தி வந்தாலும்கூடக் கவுண்டர் தொடங்கிய இடத்தை எட்டிப் பிடிக்காது. அந்த ஒரு பிட்தான் பிந்தி வருகிற இன்டரப்டுக்கு விட்ட இடம். நான் அழித்த மூன்று வரிக் குறிப்பு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, ஒரு நிமிட டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? இதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. திரையில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று ஒவ்வொரு விநாடியும் எண்ணை அச்சிடும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு அச்சிடலும் கவுண்டரை வாசிக்கிறது, வாசிக்கும்போது முன்பு குறித்த எண்ணும் புதுப்பிக்கப்படுகிறது. ஓட்டோ மீற்றரை ஒரு சுற்றுக்குள் மூன்று தடவை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறகெப்படிச் சுற்று தவறும்! நான் பார்த்துக்கொண்டிருந்ததே பிழையை மூடி வைத்துவிட்டது.

ஆகவே உங்கள் பச்சைப் பகுதியில் மூன்று ஃபைலுக்கும் இடையில் சின்ன வேறுபாடு எங்கே தென்பட்டாலும், ஒன்றாக்குவதற்கு முன் அது கைப்பிழையா காரணமுள்ளதா என்று பாருங்கள். இன்னோர் இடமும் உண்டு. கவுண்டரின் அகலம் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. ஏ72இன் பொதுக் கவுண்டர் 32 பிட், கடிகாரக் கவுண்டர் 64. அண்மைய இன்டெல்களில் வழக்கமாக 48. 48 பிட் எண்கள் இரண்டை 64 பிட் மாறியில் வெறுமனே கழித்தால், சுற்றித் திரும்பும் தருணத்தில் அபத்தமான பெரிய எண் வரும். லினக்ஸின் வழி எளிது: இரண்டையும் 16 பிட் இடப்பக்கம் தள்ளி, கழித்து, மறுபடி வலப்பக்கம் தள்ளு. அகலத்தை ஓர் எண்ணாகக் கொடுத்துவிட்டால் மூன்று இயந்திரத்துக்கும் ஒரே ஃபங்ஷன் போதும். நீங்கள் குறைக்கப்போகிற வரிகளில் மிக நல்ல குறைப்பு இதுவாக இருக்கும்.

சிவப்புப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: அதை அழகுபடுத்தாதீர்கள். இன்டெலின் நெஹேலம் தலைமுறைக்கு லினக்ஸில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கவுண்டர்களை இயக்குவதற்கு முன், நாலு கவுண்டரிலும் விளங்காத நாலு எண்ணை எழுதி, ஓடவிட்டு, நிறுத்தி, பிறகே உண்மையான வேலையைத் தொடங்கும். வாசித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அந்தச் சில்லிலேயே உள்ள பிழைக்கு இன்டெல் வெளியிட்ட பிழைத்திருத்தக் குறிப்பைப் பார்த்து எழுதிய மாற்றுவழி அது. ஏஎம்டி பக்கத்தில், கவுண்டர் நிரம்பியிருந்தால் அதன் இன்டரப்ட் வந்து முடியும்வரை ஒரு மைக்ரோவிநாடி வீதம் ஐம்பது தடவை வரை காத்திருக்கிற லூப் ஒன்று உண்டு. நிறுத்திய பிறகும் பிந்தி வந்து விழுகிற இன்டரப்டுக்கு உரிமையாளர் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக. இப்படிப்பட்டவற்றைத் தனி ஃபங்ஷனாக்கி, எந்தச் சில், என்ன பிழை என்று மேலே எழுதி வையுங்கள். சுருக்குவது என்றால் இந்த இடத்தில் அதுதான், வரி கூடினாலும்.

பிழை வந்தால் வெளியேறும் பாதையைப் பற்றியும் இடையில் எழுதியிருந்தீர்கள், கோடூ (நிரலில் இன்னோர் இடத்துக்குத் தாவுகிற கட்டளை) பத்து இருக்கிறது என்று. லினக்ஸிலும் அண்மைக்காலம்வரை அப்படித்தான், ஒரு நிகழ்வைத் திறக்கும்படி கேர்னலைக் கேட்கிற சிஸ்டம் கோலின் அடியில், கோடூ தாவி வந்து சேருகிற லேபிள்கள் நீண்ட ஏணி மாதிரி. 2023இல் 6.5 பதிப்பிலிருந்து, மாறி தன் எல்லையை விட்டு வெளியேறும்போது பூட்டைத் தானே திறக்கிற, நினைவகத்தைத் தானே விடுவிக்கிற வசதியைக் கேர்னல் பாவிக்கத் தொடங்கியது. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் பல காலமாகத் தருகிற வசதிதான். அதனால் அந்த ஏணிகள் குறைந்துகொண்டு வருகின்றன. உங்களுக்கு இது தேவையா? இங்கே நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், என் அபிப்பிராயம் மட்டும். பூட்டுகளுக்குப் பாவியுங்கள், இலாபம் உடனே தெரியும். மற்றவற்றில், அறிவித்த வரிசைக்கு நேர்த் தலைகீழாகவே விடுவிப்பு நடக்கும் என்பதை நாலு பேரும் ஒரே மாதிரி விளங்கிக்கொண்ட பிறகு தொடங்குங்கள். அதுவரை கோடூவில் வெட்கப்பட எதுவுமில்லை.

நிரல் குறுகலாக, சுத்தமாக இருந்தும் ஆபத்தாக இருக்கலாம் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இதே பகுதியிலேயே இருக்கிறது. மென்பொருள் நிகழ்வுகளை (வன்பொருள் இல்லாமல் கேர்னலே எண்ணுகிறவை) தொடங்குகிற ஃபங்ஷனில், பயனர் கொடுத்த 64 பிட் எண்ணைச் சாதாரண இன்ட் என்கிற 32 பிட் வகையில் வாங்கி, "உச்சத்தைவிடப் பெரிதா" என்று மட்டும் பார்த்தார்கள். 32 பிட்டுக்குள் வந்ததும் அந்த எண் மறையாக மாறலாம். மறை எண் உச்சத்தைவிடப் பெரிதல்ல, ஆகவே சோதனையைத் தாண்டும். தாண்டி, அட்டவணைக்கு முன்னாலுள்ள நினைவகத்தில் கை வைக்கும். சாதாரணப் பயனர் ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆகிவிட அது போதுமாக இருந்தது. பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு இடுகிற இலக்கத்தில், சிவிஇ-2013-2094 என்று தேடினால் கிடைக்கும். ட்ரினிட்டி என்கிற கண்டபடி எண்களை வீசிப் பார்க்கும் கருவிதான் 2013இல் கண்டுபிடித்தது. அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் அது வெளியான பதிப்புகளில் இருந்துவிட்டது. திருத்தம், இன்ட் என்ற சொல்லை 64 பிட் குறியற்ற வகையாக மாற்றியது. உங்கள் ஃபைல்களில் பயனரிடமிருந்து வருகிற எண்ணை வாங்குகிற இடங்களை ஒருக்கா வடிவாகப் பாருங்கள். பிரதியெடுத்த நிரலில் இந்த மாதிரிப் பிழையும் சேர்ந்தே மூன்றாகியிருக்கும்.

முழுதாக அழித்து எழுதலாமா என்றால், வேண்டாம். உங்களுக்கு நேரம் இருந்தாலும் வேண்டாம். இப்போதுள்ள மூன்று ஃபைலும் அசிங்கமாக இருந்தாலும் மூன்று இயந்திரத்தில் ஓடுகின்றன, ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கிற ஒரே அளவுகோல் அவைதான். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஃபங்ஷனை இடம் மாற்றுகிற பேட்சில் அதன் உள்ளே ஓர் எழுத்தும் மாறக் கூடாது; உள்ளே மாற்றுவதென்றால் அடுத்த பேட்சில். இது சடங்கு மாதிரித் தோன்றும். ஆனால் எண் பிழைத்த நாளில், பேட்ச்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிற கிட் பைசெக்ட் போட்டு நாற்பது பேட்சில் எது என்று ஆறு ஓட்டத்துக்குள் பிடிக்கலாம். "எல்லாவற்றையும் சுத்தப்படுத்தினேன்" என்று ஒரே பேட்சாக இருந்தால் பைசெக்ட் அந்தப் பேட்சைக் காட்டிவிட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பரிசோதனைக்கு எண் தெரிந்த லூப் ஒன்று எழுதுங்கள், அசெம்பிளியில். ஒன்றைக் குறை, பூச்சியமில்லை என்றால் திரும்பிப் போ: இரண்டு கட்டளை. 50 கோடி தடவை ஓடினால் 100 கோடி கட்டளை. பயனர் பக்கத்தை மட்டும் எண்ணினால் விடை அதற்கு மிக அருகில் வர வேண்டும், தொடக்கச் செலவும் இன்டரப்ட்களும் சேர்ந்து சில ஆயிரம் கூடலாம். குறைந்தால் கவனியுங்கள், குறைவதற்கு நியாயமான காரணம் அநேகமாக இல்லை. பிறகு அதே லூப்பை 300 கோடி தடவை ஓட்டுங்கள். 600 கோடி கட்டளை, 32 பிட் கவுண்டர் ஒரு முழுச் சுற்றைத் தாண்டும். இடையில் வாசிக்காதீர்கள், நான் செய்த மாதிரி. இன்னொரு டெஸ்டில் உச்ச வரம்பை வேண்டுமென்றே 65,536 ஆக்கிவிட்டு 50 கோடி ஓட்டத்தை மறுபடி ஓட்டுங்கள். நிரம்பி வழிகிற பாதை பல்லாயிரம் தடவை ஓடும், பயனர் பக்க மொத்தம் அநேகமாக மாறக் கூடாது. இந்தச் சின்ன வரம்பு டெஸ்ட் 300 கோடி டெஸ்டுக்கு மாற்றல்ல. சின்ன வரம்பில் கவுண்டர் தொடங்கிய இடத்தை எட்டிப் பிடிக்கவே மாட்டாது, ஆகவே என் பிழையை அது பிடித்திருக்காது.

கவுண்டரைவிட அதிக நிகழ்வு கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் சோதியுங்கள். கன்னியா வெந்நீரூற்றில் கிணறு ஏழு, கையில் வெப்பமானி ஒன்று என்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பீர்கள். அந்த மாதிரிக் கேர்னலும் நிகழ்வுகளை மாற்றி மாற்றி உட்கார வைக்கும். எவ்வளவு நேரம் கேட்கப்பட்டது, எவ்வளவு நேரம் உண்மையில் எண்ணப்பட்டது என்ற இரண்டு நேரத்தையும் வைத்துப் பெருக்கித் தருவது ஊகம்தான், எண்ணிக்கை அல்ல. உங்கள் கேர்னல் இந்த இரண்டு நேரத்தையும் தனித்தனியாக வெளியே கொடுக்கட்டும். பெருக்குவதைப் பயனர் பக்கம் பார்த்துக்கொள்ளும், கேர்னலில் அந்த வரிகளும் குறையும்.

பை 4இல் ஒரு மயக்கம் வரும், முன்னரே சொல்லி வைக்கிறேன். கவுண்டர் நிரம்புகிற ஒவ்வொரு தடவையும் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று குறித்து மாதிரி எடுத்துப் பார்த்தால், இன்டரப்டைத் திறந்துவிடுகிற சின்ன ஃபங்ஷன்தான் அதிக நேரம் தின்கிறது என்று காட்டும். அது உண்மையல்ல. இன்டெலில் கவுண்டரின் இன்டரப்ட் தடுக்க முடியாத என்எம்ஐயாக வருகிறது, இன்டரப்ட் மூடிய பகுதிக்குள்ளும் நுழைந்து பார்க்கும். பை 4இன் இன்டரப்ட் கட்டுப்படுத்தியில் அதற்கு வழியில்லை. மூடிய பகுதிக்குள் நடந்த எல்லாம் காத்திருந்து, திறந்த கணத்தில் அந்த ஃபங்ஷனின் தலையில் விழும். இதைத் திருத்த முயன்று நிரலைக் குழப்பாதீர்கள், அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

மடிக்கணினியில் லினக்ஸின் பெர்ஃபோடு ஒப்பிடும்போது, இயந்திரம் உறைந்துவிட்டதா என்று பார்க்கிற கேர்னலின் என்எம்ஐ காவலாளி வழக்கமாக ஒரு கவுண்டரைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கும். உங்கள் எண்ணும் பெர்ஃபின் எண்ணும் பொருந்தாமல் போக, அல்லது நாலாவது நிகழ்வுக்கு இடமில்லாமல் போக இது காரணமாகலாம். /ப்ரொக்/சிஸ்/கேர்னலின் கீழ் உள்ள என்எம்ஐ வொச்டோக் ஃபைலில் 0 எழுதி நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வேர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்க்க நினைத்தால், தொடக்கச் செய்திகளில் அளவீட்டுப் பகுதிக்கு ட்ரைவர் இல்லை, மென்பொருள் நிகழ்வு மட்டும் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கே எண்ண எதுவும் இல்லை, வன்பொருளுக்கே திரும்புங்கள். வேலை முடிந்ததும் காவலாளிக்கு மறக்காமல் 1 எழுதிவிடுங்கள், மடிக்கணினி நண்பருடையது என்று சொல்லியிருந்தீர்களே.